ஜன்னலில் தெரியும் மரம்: பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

சித்திரை முதல் நாளுக்கு முந்தின தினம். பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமென்று மளிகைக் கடையில் காய்ந்த பூ ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டா, ஜன்னலுக்கு வெளிய பூவா கொட்டிக் கிடக்கு, இதுக்குப் போய்க் காசு குடுத்தியா?"

எட்டிப் பார்த்தேன். சன்ஷேடு முழுக்க வெள்ளையாக வேப்பம்பூ. அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குரோம்பேட்டையில், இரண்டாவது மாடியில், மேற்குப் பார்த்த ஜன்னல். பன்னிரண்டடி தள்ளி ஒரு வேம்பு. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். இடது ஓரத்தில், பக்கத்து காம்பவுண்டிலிருந்து பாதி மட்டும் தெரிகிற ஒரு வாதுமை. "மரம் இருக்கு சார், காத்து வரும்" என்று புரோக்கர் சொன்னதைக் கேட்டு வாடகை பேசியதோடு சரி. ஜன்னலைத் திறப்பது காற்றுக்கு, மூடுவது கொசுவுக்கு என்றுதான் மூன்று வருஷமும் போயிருந்தது.

அன்றைய என்னைப் போல இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. காடு மலை ஏற வேண்டாம், செலவும் பெரிதாக இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். பறவைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து, ஒரு வாரம் காக்கையையும் புறாவையும் மட்டும் பார்த்துவிட்டு, "நம்ம ஏரியாவுல ஒண்ணும் வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். பறவையைத் தேடாதீர்கள். ஒரே ஒரு மரத்தை விடாமல் பாருங்கள். மற்றதெல்லாம் அந்த மரத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

முதலில் நாற்காலி

பைனாகுலர் வாங்குவதற்கு முன் நாற்காலியை எங்கே போடுவது என்று பாருங்கள். உங்கள் ஜன்னல் எந்தத் திசை?

மேற்கு ஜன்னல் என்றால் காலைதான் உங்கள் நேரம். சூரியன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும், வெயில் மரத்தில் உங்களைப் பார்த்த பக்கமாக விழும். என் வேம்பில் முதலில் உச்சிக் கொத்து மட்டும் பளிச்சென்று தெரியும். எங்கள் கட்டடத்தின் நிழல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மார்கழிக் குளிரில் அந்த வெயில் பட்ட நாலு கிளைக்குத்தான் போட்டி. கிழக்கு ஜன்னல்காரர்கள் காலையில் உட்கார்ந்தால் இலை, கிளை, பறவை எல்லாமே கறுப்பு உருவமாகத்தான் தெரியும். நாலரை மணிக்கு மேல் உட்காருங்கள்.

வடக்கு ஜன்னலில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து மரத்தில் விழுந்த வெயில், அந்த நாலு மாதமும் மதிய வேளையில் எதிர்ப்பக்கமிருந்து வரும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் முன்னும் பின்னும் ஏறக்குறைய இரண்டிரண்டு வாரம் கூடும். "சித்திரை வைகாசியில மட்டும் இந்த ரூம்ல எப்படி வெயில் அடிக்குது?" என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

கொசுவலை பெரிய இடைஞ்சல். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் கண் வலையைத்தான் பார்க்கும். நெற்றி இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் போங்கள், வலை காணாமல் போய்விடும். அறையில் டியூப்லைட் எரியக்கூடாது. உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். அது மட்டுமல்ல, இருட்டான அறைக்குள் அசையாமல் இருப்பவரை வெளியே இருப்பவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. வெள்ளைச் சட்டையும் கைவீச்சும் வேண்டாம்.

மாடியைப் பற்றி ஒரு வார்த்தை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் அடிமரத்தையும் மண்ணையும் பார்க்கலாம். எறும்பு, ஓணான், சருகைக் கிளறும் தவிட்டுக்குருவி எல்லாம் அவர்களுக்கு. இரண்டு, மூன்றாவது மாடிக்கு மரத்தின் தலை நேர் எதிரே வரும், இதுதான் கொடுத்துவைத்த இடம். எட்டு, பத்தாவது மாடிக்காரர்கள் மரத்தை மேலிருந்து பார்க்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பருந்து வட்டமிடுவதும், பனை உழவாரன்கள் காற்றைக் கிழிப்பதும், அந்தி சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் கிளம்புவதும் மிச்சம்.

ஒரே மரம், ஒரே கிளை

ஜன்னலில் பத்து மரம் தெரிந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அழகானதாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த மரத்திலும் ஒரு கிளையை உங்கள் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு, கேபிள் ஒயர் உரசிக்கொண்டு போகிற கிளை.

பெயர் தெரியவில்லையா? கைப்பேசிச் செயலியில் படம் பிடிப்பதற்கு முன் கீழே போய் இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். நாள் முழுக்க மரத்தடியில் நிற்பவர் அவர். பிறகு இலையைப் பாருங்கள். வேம்புக்கு ஒரே ஈர்க்கின் இருபுறமும் அரிவாள் போல வளைந்த சிற்றிலைகள், ஓரத்தில் ரம்பப் பல். புங்கனுக்கு ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ அகலமான சிற்றிலைகள், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. புங்க இலையில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியிருந்தால் பயப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் ஒன்று செய்கிற வேலை, மரம் அதோடேயே பல்லாண்டு வாழும். வாதுமை தூரத்திலிருந்தே தெரியும்: பெரிய பெரிய தனி இலை, கிளைகள் அடுக்கடுக்காகக் குடை விரித்தாற்போல். இயல்வாகையையும் மே ஃபிளவர் மரத்தையும் பூ இல்லாத காலத்தில் குழப்பிக்கொள்ளாதவர் கிடையாது. காய்கள் துரு நிறத்தில் குட்டையாகத் தட்டையாக இருந்தால் இயல்வாகை. முழ நீளத்துக்கு வாள் போலத் தொங்கினால் மே ஃபிளவர்.

கிளையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு படம் எடுங்கள். அதற்காக ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவையுங்கள். மாதம் ஒருமுறை கைப்பேசியை அந்த நூலுக்குப் பக்கத்தில் வைத்து அதே கோணத்தில் எடுக்க வேண்டும். 2016 டிசம்பர் 12, வார்தா புயலன்று எங்கள் எதிர்வரிசையில் ஒரு மே ஃபிளவர் மரம் வேரோடு சாய்ந்தது. சென்னையில் அன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன, அதில் இதுவும் ஒன்று. நாலு வருஷம் என் ஜன்னலில் வலது ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்த மரம். என்னிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை. யாரோ பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோவில், கேக்குக்குப் பின்னால், ஒரு மூலையில் கொஞ்சம் சிவப்புத் தெரிகிறது.

கால் மணி நேரமும் ஒரு நோட்டும்

தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம். காபி டம்ளரோடு உட்காருங்கள், கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. கண் தெருவையும் பால் வண்டியையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழாவது எட்டாவது நிமிடத்தில்தான் மரத்துக்குள் ஏதோ அசைவதே தெரிய ஆரம்பிக்கும். அதனால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்களுக்கு ஒருநாளும் ஒன்றும் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நடுவில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும் அதே கிளையைப் பயன்படுத்தலாம். கண் மருத்துவர்கள் சொல்வது போல 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்க வேண்டுமென்றால், பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமல்லவா?

நோட்டில் பெரிதாக எழுத வேண்டாம். தேதி, நேரம், வானம், பிறகு மரத்தைப் பற்றி நாலு சொல். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே "இல்லை", "கொஞ்சம்", "நிறைய", இந்த மூன்றில் ஒன்று. இந்த முறை என் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியா முழுக்க மரங்களின் பருவத்தைப் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் வாரம் ஒருமுறை குறிக்கச் சொல்கிறார்கள். விருப்பமிருந்தால் உங்கள் ஜன்னல் மரத்தையே அதில் பதிவு செய்துகொள்ளலாம். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"மாசி 14. காலை 7.20. மூட்டம். தளிர் இல்லை. பழுத்த இலை நிறைய. காற்றே இல்லாமல் உதிர்கிறது. அணில் ஒன்று கேபிள் ஒயரில் தலைகீழாக."

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அடுத்த வருஷம் மாசி 14 அன்று இதைப் புரட்டும்போது தெரியும்.

என் மரத்தின் வருஷம்

வேம்பு சென்னையில் முழு மொட்டையாக நிற்பதை நான் பார்த்ததில்லை. மாசியில் இலை மஞ்சளித்து, ஒரு பத்து நாள் சல்லடை போல ஆகிவிடும். அந்தப் பத்து நாள்தான் வருஷத்திலேயே முக்கியமான நாட்கள், ஏனென்றால் மரத்துக்குள் இருப்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். போன வருஷக் காக்கைக் கூடு, அதில் பின்னியிருக்கிற கட்டுக்கம்பி, யாரோ விட்ட பட்டத்தின் வால், எல்லாம். அப்போதே கிளைகளின் அமைப்பை ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இலை மூடிய பிறகு, "மூன்றாவது கவட்டையில் இடது பக்கம்" என்று சொல்ல அது உதவும்.

பிறகு ஒருநாள் காலை கிளை நுனிகளில் செம்பு நிறம் தட்டும். பூ என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தளிர் அது. விரல் நகத்தளவு இருக்கும், வெயில் பின்னாலிருந்து பட்டால் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும். நாலைந்து நாளில் செம்பு போய் இளம்பச்சை வரும், இரண்டு வாரத்தில் வழக்கமான பச்சை. தளிரோடு தளிராகவே மொட்டுக் கொத்துகளும் இறங்கிவிடும். பங்குனி கடைசியில் பூ. பகலைவிட ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசனை தூக்கலாக இருக்கும், லேசாகத் தேன் கலந்த வாசனை. வைகாசியில் பச்சைக் காய். ஆனி, ஆடியில் மஞ்சளாகப் பழுக்கும். அப்போது ஜன்னல் ஒரு சந்தை. மைனா, காக்கை, கொண்டைக்குருவி, குயில், பச்சைக்கிளி, அணில், இருட்டியதும் வௌவால். மறுநாள் காலையில் சன்ஷேடில் கொட்டை குவிந்து கிடக்கும், கீழே நிறுத்திய பைக் சீட்டில் அதன் சாட்சியங்களும். வண்டி வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு மாதத்துக்கு இடத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

தூங்குமூஞ்சி மரத்துக்கு வருஷம் வேண்டாம், ஒரு மாலை போதும். ஐந்தரை மணிக்குப் பாருங்கள், ஆறரைக்குப் பாருங்கள். இலைக்காம்பு சேருமிடத்தில் ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அதற்குள் நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதால் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடங்கும். பச்சைச் சுவராக இருந்த மரம் அரை மணியில் ஜல்லடையாகி, பின்னால் இருக்கிற வாட்டர் டேங்க் தெரிய ஆரம்பிக்கும். கடும் மூட்டத்தில் பகலிலேயே மடங்கும். மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து தெருவுக்குத் தெரு நிற்கிற மரத்துக்கு, நம் ஆட்கள் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! வாதுமையோ, உதிர்வதற்கு முன் இலையை ரத்தச் சிவப்பாக்கிக் காட்டும். குளிர்நாட்டு இலையுதிர்காலப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள் தை மாதத்தில் ஒரு வாதுமையைத் தேடிப் போகலாம்.

வருகிறவர்கள்

பறவை எந்த நிறம் என்று பார்ப்பதைவிட, மரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உச்சியில் மொட்டைக் குச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பினால் இரட்டைவால் குருவி. அடிமரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறினால் பொன்முதுகு மரங்கொத்தி. இலை நுனிகளில் கட்டைவிரல் அளவு ஏதோ துறுதுறுவென்று இருந்தால் தேன்சிட்டோ தையல்சிட்டோ. செம்பழுப்பு உடம்பும் நீள வாலுமாக, வளைந்து நெளிந்து கிளைக்குள் புகுந்து பறந்தால் வால்காக்கை. ஏழெட்டுப் பேராக வந்து சண்டை போட்டுக்கொண்டே மண்ணைக் கிளறினால் தவிட்டுக்குருவிகள். இந்த ஆறு போதும் முதல் ஆறு மாதத்துக்கு.

காதுக்கும் வேலை கொடுங்கள். வெயிலில் எங்கோ ஒரு பட்டறையில் செம்பு தட்டுகிற மாதிரி "டொங்க், டொங்க்" என்று நிற்காமல் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். நிமிடத்துக்கு நூறு தடவைக்கும் மேல் தட்டும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடுவதால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சைப் பறவை அது. அணில் வாலை உதறிக்கொண்டு ஒரே தாளத்தில் கத்தினால் அணிலைப் பார்க்காதீர்கள், அது எந்தப் பக்கம் முகத்தை வைத்திருக்கிறதோ அங்கே பாருங்கள். கீழே பூனை இருக்கும், அல்லது மேலே வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை. நான் வைரியைப் பார்த்த தடவையெல்லாம் காட்டிக்கொடுத்தது அணிலோ காக்கையோதான்.

காக்கை என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சித்திரை, வைகாசியில் உங்கள் மரத்தில் காக்கை கூடு கட்டினால் அந்தக் கோடை முழுக்க வேறு பொழுதுபோக்கே வேண்டாம். கன்னங்கரேலென்று சிவப்புக் கண்ணோடு ஆண்குயில் வேண்டுமென்றே கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூவும். காக்கைகள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். உடம்பெல்லாம் புள்ளியாக, பழுப்பாக இருக்கிற பெண்குயில் அதற்குள் இலைமறைவில் நழுவிக் கூட்டுக்கு வந்துவிடும். குயில்குஞ்சு பெரும்பாலும் காக்கைக்குஞ்சுக்குச் சில நாள் முன்பே பொரிந்துவிடும். வளர்ந்த பிறகும் சில வாரம் காக்கை அதற்கு ஊட்டிக்கொண்டிருப்பதை ஜூலையில் பார்க்கலாம். கனுவன்று காக்கைக்குப் பிடி வைக்கிறோமே, அந்தக் காக்கை இங்கே இன்னொருவர் பிள்ளைக்குப் பிடி வைத்துக்கொண்டிருக்கும்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தால் வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். மஞ்சள் மாங்குயில் வேம்புக்குள் பாதி மறைந்து உட்காரும். அதிர்ஷ்டம் இருந்தால், வலசை போகும் வழியில் ஆறுமணிக் குருவி ஒன்று கீழே சருகில் தத்தித் தத்திப் போகும். பெயர் தெரியாதவற்றுக்கு மெர்லின் செயலி உதவும், குரலை வைத்தும் சொல்லும். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பிப் பட்டியலில் ஏற்றாதீர்கள். கண்ணால் ஒருமுறை பார்த்த பிறகே எழுதுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துவார்கள். பதினைந்து நிமிடம் ஜன்னலில் நின்று எண்ணி, ஈபேர்ட் தளத்தில் பதிந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

ஒட்டடைக்கம்பிலிருந்து தப்பிய கூடு

போன மாசியில் பால்கனி துணிக்கொடியின் கொக்கியில் ஒரு ஒட்டடை தொங்கியது. விரல் நீளம். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா கம்பை எடுத்துக்கொண்டு போனவர், "அண்ணே, இது அசையுது" என்றார். நிஜமாகவே ஒட்டடைதான், சிலந்தி வலையை இழுத்து இழுத்து ஊதாப்பிட்டு தேன்சிட்டு ஒன்று கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. பட்டைத் துணுக்கு, காய்ந்த புல், புழுவின் எச்சம், ஏதோ சாக்லேட் காகிதத்தின் ஜிகினாத் துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெளியே ஒட்டியது. கட்டியது முழுக்கப் பெண்தான். ஐயா பளபளவென்று பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து மேற்பார்வை. கூடு பேரிக்காய் மாதிரி தொங்கியது, பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே ஒரு சின்னச் சன்ஷேடு!

இப்படி அமைந்தால் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமலிருப்பதுதான். துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள். அந்தக் கதவை மெதுவாகத் திறங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் போய்ப் போய் நிற்கிற இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டரை வாரம். கட்டிய நாட்களையும் சேர்த்து எங்கள் வீட்டில் ஆறு வாரம் பால்கனியில் துணி காயவில்லை. இரண்டு குஞ்சில் ஒன்று பறந்தது. மற்றது என்ன ஆனது என்று தெரியவில்லை, ஒரு காலை கூடு காலி.

பைனாகுலரும் எதிர்வீட்டு மாமியும்

மூன்று மாதம் வெறுங்கண்ணால் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள். 8x42 என்று போட்டிருப்பது போதும். எட்டு என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும். பக்கத்து மரத்தைப் பார்ப்பதால், எத்தனை அடி நெருக்கம் வரை தெளிவாகத் தெரியும் என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கின அன்று நான் செய்ததைச் செய்யாதீர்கள். வாதுமையில் மரங்கொத்தி என்று வேகமாகத் தூக்கிப் பிடித்தேன். வாதுமைக்குப் பின்னால் எதிர்வீட்டு அடுக்களை. மறுநாள் மாமி லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேராகப் போய், நோட்டைக் காட்டி, பைனாகுலரையே கையில் கொடுத்து விளக்க வேண்டியிருந்தது. "மரங்கொத்தியா? அது தினமும் பதினோரு மணிக்கு எங்க பக்கம்தான் வரும். உங்களுக்கு முதுகுதான் தெரியும்" என்றார். ஆகவே, முதல் வேலையாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு, யார் வீட்டு ஜன்னலும் பின்னணியில் வராத திசைக்கு மட்டும் தூக்குங்கள்.

மரமே தெரியாத ஜன்னல்

எதிரே சுவர்தான் என்றால் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள். தளிர் விட்டதும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, வயிற்றை வளைத்து, தளிருக்கு ஒன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு சின்னதாக இருக்கும்போது அச்சாகப் பறவை எச்சம் மாதிரி இருக்கும். யாரும் தொடமாட்டார்கள் என்பதுதான் அதன் கணக்கு. பிறகு பச்சையாகும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த சிவந்த கொம்பு ஒன்று நீண்டு, ஒரு நாற்றம் வரும். அடுத்த வாரம் ரசத்துக்குக் கறிவேப்பிலை இருக்காது. அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பச்சை தெரிகிறதா சுவர் தெரிகிறதா என்பது சின்ன விஷயமல்ல. 1984-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளைப் பார்த்தார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை ஆன 46 பேர், பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டிருந்தார்கள்.

தண்ணீர், சோறு, கண்ணாடி

தண்ணீர் வைப்பதானால் அகல மண்தட்டு, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தினமும் கொட்டித் தேய்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுப்பண்ணை. காக்கைக்கு ஒரு பிடி வைக்கும் வழக்கம் இருந்தால் வையுங்கள். மிக்சரும் உப்பு பிஸ்கட்டும் வேண்டாம். தானியத்தைக் கொட்டினால் மாடப்புறா வரும். ஒருமுறை வந்தால் குடும்பத்தோடு குடியேறும், அதன் எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் தானியம் வைப்பதில்லை.

பெரிய கண்ணாடி ஜன்னலில் மரமும் வானமும் பிரதிபலித்தால் பறவை நேராக வந்து மோதும். பருந்து உருவம் ஒன்றை ஒட்டினால் போதும் என்பார்கள், போதாது. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக வெள்ளை ஸ்டிக்கரோ பெயின்ட்டோ வைக்க வேண்டும். மோதி விழுந்ததை எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மரத்தடியில் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் பறந்துவிடும். அப்போதும் பறக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கிளை வெட்ட ஆள் வரும்போது

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் அரிவாளும் ஏணியும் வரும். ஒயரில் உரசுகிற கிளை வெட்டப்பட வேண்டியதுதான், அதில் சண்டைக்கு இடமில்லை. கீழே இறங்கிப் போய் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். கூடு இருக்கிற கிளையை இரண்டு வாரம் தள்ளி வெட்ட முடியுமா? வெட்டுவதை நடுவில் முறிக்காமல், பட்டை கிழியாமல், கவட்டைக்கு ஒட்டி அறுக்க முடியுமா? கையில் நோட்டும் டீக்குக் காசும் இருந்தால் பெரும்பாலும் கேட்பார்கள்.

எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் அறையில் கூசுகிற வெளிச்சம், என் கிளை கீழே ஆட்டோவுக்கு அடியில் துண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அந்தியில், கிளை இருந்த இடைவெளி வழியாகத் தூங்குமூஞ்சியின் அடிமரம் முதல்முறையாக நேராகத் தெரிந்தது. அதில் ஒரு பொந்து. பொந்தில் உருண்டையாக ஒரு தலை. புள்ளி ஆந்தை, என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறதோ.

வெட்டுவாயில் மூன்று வாரத்தில் செம்புத் தளிர் வந்துவிட்டது. நோட்டில் இப்போது இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். காலைக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று.